கிறிஸ்துமஸ் வைனுக்குப் பழைய பாட்டில் போதுமா?

கேள்வி: பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கிறோம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை வைன் போடுவோம். காலி விஸ்கி, பிராந்தி, வைன் பாட்டில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றின் மூடிகளையும் கார்க்குகளையும் திரும்பப் போடலாமா? போன டிசம்பரில் நிரப்பிய பாட்டில் ஒன்று ஏப்ரலில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிட்டது. இன்னும் இரண்டு அலமாரியில் இருக்கின்றன.

பதில்: பொங்கிய பாட்டிலை முதலில் பார்ப்போம். உங்கள் கேள்வியில் ஆபத்தானது அதுதான். மூடி பழசு என்பதால் வைன் பொங்கவில்லை. அந்த மூடி விட்டுக்கொடுத்ததால்தான் கண்ணாடி வெடிக்காமல் தப்பியது என்று நினைக்கிறேன்.

வீட்டு வைனில் திராட்சைக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டுகிறோம். ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைத்தான் தின்று முடிக்கும். டிசம்பரில் பெங்களூர் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது ஈஸ்ட் சோர்ந்து அடியில் படியும். வைன் தெளிந்து, புளிப்பது முடிந்த மாதிரி தெரியும். ஏப்ரலில் வெயில் 34 டிகிரியைத் தொட்டதும் மிச்ச ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு லிட்டரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 4 கிராம், மூடிய பாட்டிலுக்குள் புளித்தாலே உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். மூன்று டீஸ்பூன் புளித்தால் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். சாதாரண வைன் பாட்டிலும் விஸ்கி பாட்டிலும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஷாம்பெயின் பாட்டில் தாங்கும். அதனால்தான் அது அத்தனை கனம்.

ஆகவே வைனை வடித்து, அடிமண்டி இல்லாமல் வேறு ஜாடிக்கு மாற்றி, சில வாரம் தெளிய விட்ட பிறகே பாட்டிலைத் தொடுங்கள். நிரப்பும் அன்று அதே வைனை ஒரு சிறிய சோடா பிளாஸ்டிக் பாட்டிலிலும் ஊற்றி, கையால் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மற்றவற்றோடு வையுங்கள். அது உப்பிக் கல்லாக இறுகினால் கண்ணாடிப் பாட்டில்களுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். இனிப்பான வைனை எப்படியும் ஃபிரிட்ஜில் வைத்து ஈஸ்டருக்குள் குடித்து முடிப்பதே என் ஆலோசனை.

இனி பாட்டில். விரிசலோ வாயில் சில்லு பெயர்ந்த இடமோ இல்லாத கண்ணாடியை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். குஜிரிக் கடையில் (பழைய சாமான் கடை) வாங்காதீர்கள்; அதில் முன்பு மண்ணெண்ணெய் இருந்ததா, ஃபினாயில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சில விஸ்கி பாட்டில்களின் கழுத்தில் மறுபடி நிரப்ப முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் அடைப்பும் சின்ன குண்டும் இருக்கும். அதன் இடுக்கைச் சுத்தம் செய்ய வழியில்லை, விட்டுவிடுங்கள். மற்றவற்றைச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் கீறிவிடும். பச்சைத் தண்ணீரில் வைத்தே பாட்டிலோடு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அல்லது ஸ்குவாஷுக்கு வாங்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பொடியை லிட்டருக்கு 10 கிராம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்தோடு கரைத்து, உள்ளே சுழற்றிக் கொட்டிக் கவிழ்த்து வடிய விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

மூடியில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். திருகியால் குத்தி எடுத்த கார்க் குப்பைக்குத்தான். புது வைன் கார்க் சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவு. பாட்டில் கழுத்தின் உட்புறம் சுமார் 18.5. நசுக்கிச் செலுத்தினால்தான் அது விரிந்து அடைக்கும், அதற்குக் கருவி வேண்டும். குத்தின கார்க்கை வேகவைத்து, பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொதித்தால் மீள்தன்மை போய்விடும். குளோரின் பட்ட கார்க்கில் பூஞ்சையும் சேர்ந்தால் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் உருவாகி, வைன் முழுக்க ஈரச் சாக்கு வாடை அடிக்கும்.

திருகு மூடியின் உள்ளே இருக்கும் வட்ட லைனர் கிழியாமல், பழைய வாசனை இல்லாமல் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும். சோதிக்க, தண்ணீர் நிரப்பி மூடி, இரவு முழுக்கச் செய்தித்தாள் மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்த மூடி வேண்டாம். ஒவ்வொரு மூடியையும் அதனதன் பாட்டிலோடே வைத்திருங்கள், மரை மாறினால் இறுகாது. திருகு வாய் பாட்டிலில் கார்க் அடிக்காதீர்கள், வாய் உடையக்கூடும். சில பிராந்தி பாட்டில்களில் வரும், தலையில் பிடியுள்ள தக்கைகள் குத்துப்படாமல் இருப்பதால் கொஞ்ச நாளைக்கு உதவும். பீர் பாட்டிலின் தகர மூடி திறக்கும்போதே வளைந்துவிடும். புது மூடியும் அழுத்தும் கருவியும் இருந்தால் மட்டும் பீர் பாட்டில் நல்லது.

அலமாரியில் உள்ள அந்த இரண்டு பாட்டில்களையும் இன்றே எடுங்கள். கண்ணைக் காக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டில்களைத் தடித்த துண்டில் சுற்றி, நின்ற நிலையில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் குளிரவிடுங்கள். பிறகு துண்டைப் பிரிக்காமல் சிங்க்கில் வைத்து, முகத்தை விலக்கி, மூடியைக் கால் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். சீறல் அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும்.