கப்பல் ஏறிய பிறகு போட்ட கடிதம்

கேள்வி: என் வாழ்க்கையையே நாவலாக எழுதி முடித்துவிட்டேன். தங்கையின் முதல் கல்யாணம் முறிந்த கதையும் அதில் வருகிறது. இப்போதைய மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அம்மா வேண்டாம் என்று அழுகிறார். ஜப்பானிய எழுத்தாளர் ஷிமாசாகி டோசன் 'ஷின்செய்' நாவலில் தன் குடும்ப ரகசியத்தையே எழுதவில்லையா? புத்தகம் வந்ததும் தங்கையிடம் ஒரு பிரதி கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். போட்டிக்கு அனுப்பக் கடைசித் தேதி நெருங்குகிறது. அனுப்பலாமா?

பதில்: "சொல்லிக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மாப்பிள்ளை வரைக்கும் போகக்கூடிய விஷயம், தங்கைக்கே அச்சில்தான் தெரியவருமா?

டோசனைத் துணைக்கு அழைத்தீர்கள், சரி, அவர் கதையை முழுதாகப் பார்ப்போம். 1910-இல் மனைவி பிரசவத்தில் இறந்துபோக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். நம் முறையில் சித்தப்பா என்று கூப்பிட வேண்டிய பெண். அவள் கர்ப்பமானாள். அவர் 1913-இல் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நாவலில் டோசனின் நிழலாக வரும் கதாநாயகன் கிஷிமோட்டோ, அண்ணனுக்கு உண்மையை எழுதுவது எப்போது தெரியுமா? கப்பல் கிளம்பிய பிறகு. ஹாங்காங்கிலிருந்து தபால். அண்ணன் சட்டையைப் பிடிக்க முடியாத தூரம் போனபிறகு வருகிற அந்தத் துணிச்சலும், உங்கள் "பிரதி கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்" என்பதும் ஒரே ரகம்.

திரும்பி வந்து 1918-19-இல் அதையே 'டோக்கியோ அசாஹி' நாளிதழில் தொடராக எழுதினார். அண்ணன் உறவை முறித்துக்கொண்டார். பெண்ணைத் தைவானிலிருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். 'ஷின்செய்' கதாநாயகனைப் போல இப்படியொரு கைதேர்ந்த பாசாங்குக்காரனைப் பார்த்ததில்லை என்று இன்னொரு ஜப்பானிய எழுத்தாளரான அகுதாகவா எழுதிவைத்தார். நானாக இருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன். 1937-இல் அந்தப் பெண் டோக்கியோவில் ஆதரவற்றோர் விடுதியில் நோயாளியாகக் கிடந்தது செய்தியாக வந்தது. சித்தப்பா அப்போது எழுத்தாளர்களின் அமைப்பான ஜப்பான் பென் சங்கத்தின் தலைவர்.

இத்தனைக்கும் டோசன் எழுதியது தன் பாவத்தை. நீங்கள் எழுதியிருப்பது தங்கையின் துக்கத்தை. அதில் உங்களுக்கு என்ன பங்கு? பெயரை மாற்றினால் போதுமா? உங்கள் பெயர் அட்டையில் இருக்கும்போது, உங்களுக்கு எத்தனை தங்கை என்று ஊருக்குத் தெரியாதா? உண்மையை எழுதும் உரிமை உங்களுக்கு உண்டுதான். ஆனால் கூடப்பிறந்தவள் அண்ணனை நம்பிச் சொன்னது உங்கள் கையிருப்பு அல்ல, அடமானம்.

அம்மா அழுவதைப் "பழைய காலத்து மனுஷி" என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வீட்டில் தங்கைக்காகப் பேச இப்போது இருப்பது அவர் ஒருவர்தான்.

போட்டி அடுத்த வருஷமும் வரும். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போங்கள். அவள் படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருங்கள். எந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறாளோ, அதை அங்கேயே கிழியுங்கள். மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.