வேடியப்பன் கொள்வானோ?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் எடைமேடை வேலை பார்க்கிறேன். சீசனில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட பெங்களூரா மாங்காய் லோடு வந்துகொண்டிருக்கும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு விமர்சனம் எல்லாம் தெரியாது.

'சோளகர் தொட்டி': மானுட அவலத்தின் உறைய வைக்கும் ஆவணம். அதிகாரத்தின் கோர முகத்தைத் தோலுரிக்கும் படைப்பு.

'கோபல்ல கிராமம்': முதலில் அந்தப் பேச்சு பிடிபடவில்லை. வாய்விட்டுப் படித்ததும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தெலுங்கு. நாங்கள் இந்தப் பக்கம் வந்த கதையை அவ்வா சொல்லும்போதும், இந்த நாவலில் வருகிற மாதிரியே, ஆற்றங்கரையில் ஒரு மரம் வளைந்து கொடுக்கும்.

புறநானூறு, உரையோடு: பாதிதான் புரிந்தது. 232ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். எங்கள் மாமா தோப்பில், செத்துப்போன வீரனுக்கு நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். வருஷா வருஷம் சாராயம் ஊற்றி, சுருட்டு வைப்போம். அது அவருக்கு வேண்டுமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

'என் சரித்திரம்': எண்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். பெரியவர் தன்னைப் பற்றியே பேசுகிறார். நடுவில் நாலைந்து மாத நாவல், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்படிக் கண்டதையும் கலந்து படிக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகக் கலந்து படியுங்கள். மாத நாவலுக்கு என்ன வெட்கம்? ராத்திரி மூன்று மணிக்குக் கண் சொக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எந்த உரைநூலும் செய்யாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் நானும் அதைத்தான் படிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். 'ஆவணம்', 'கோர முகம்', 'தோலுரிக்கும்' என்று எழுதினவரை எனக்குத் தெரியும், எல்லாப் புத்தகத்துக்கும் பின்னட்டை எழுதுகிறவர் அவர்தான். அந்த இரண்டு வரியைக் கழற்றி வேறெந்த நாவலுக்கு மாட்டினாலும் கச்சிதமாக உட்காரும். வேடியப்பனைப் பற்றி எழுதினவர் வேறு ஆள். விமர்சனம் தெரியாது என்று சொன்னவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அதியமான் செத்த பிறகு ஔவை பாடியது அந்தப் பாட்டு. காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று தொடங்குகிறாள். அப்புறம் வருகிறது:

நடுகல் பீலி சூட்டி நார்அரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே

மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளை வாங்கிக்கொள்வானோ? 'சிறுகலம்' என்ற சொல்லில்தான் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். ஆனால் முப்பது வருஷமாக நான் ஔவை பக்கத்திலேயே நின்று அதைப் படித்திருக்கிறேன். ஊற்றுகிற கையைப் பார்த்ததே இல்லை. நீங்களோ கையில் பாட்டிலோடு நின்று படித்திருக்கிறீர்கள். உங்கள் தோப்பில் எதில் ஊற்றுவார்கள்? பிளாஸ்டிக் டம்ளரிலா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

'சோளகர் தொட்டி'யிலும் இதையேதான் எதிர்பார்த்தேன். ச. பாலமுருகனின் அந்த நாவல் 2004இல் வந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட எல்லைக்காட்டுப் பழங்குடிகளின் கதை. நம் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு அரூர் பக்கத்து வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் போன வனத்துறை, போலீஸ் ஆட்கள் செய்த கொடுமைகளுக்கு 2011 செப்டம்பரில்தான் தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். அந்தச் செய்தி வந்த நாளில் உங்கள் வீட்டில், டீக்கடையில் என்ன பேசினார்கள்? நாவலை எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்? லாரி வந்ததாலா, மேலே படிக்க முடியாமலா?

'கோபல்ல கிராமம்' எழுதின கி.ரா. வீட்டிலும் தெலுங்குதான். அவ்வா கதையை முழுசாக எழுதி வையுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

'என் சரித்திரம்' விஷயத்தில் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. அதை எழுதின உ.வே.சா. 1880இல் கும்பகோணம் காலேஜில் தமிழ் வாத்தியார், வயது 25. அந்த ஊர்க் கோர்ட்டுக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, கலம்பகம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவ்வளவுதானா, இதனால் என்ன பிரயோசனம் என்கிறார். சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தன்னைப் பற்றியே பேசுகிறவர், தான் கூனிக்குறுகிய இடத்தை இவ்வளவு விலாவாரியாக எழுதுவாரா? (முன்சீப் நம் ஜில்லாக்காரர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். 1965 வரை நாமெல்லாம் சேலம் ஜில்லாதானே.) அங்கே தொடங்கியதுதான், 1887இல் சிந்தாமணி, 1894இல் புறநானூறு அச்சாயின. எடைமேடையில் உங்களை நிறுத்திய 232ஆம் பாட்டு, நீங்கள் எண்பது பக்கத்தோடு மூடி வைத்த அந்தப் பெரியவர் கை வழியாக வந்ததுதான்.

இன்னொன்று, 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, 1942இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றது. ஒரே மூச்சில் படிக்க எழுதியதல்ல. ஒரு லோடுக்கு ஒரு அத்தியாயம் போதும்.

சரி, அந்த வேடியப்பன். கல்லில் வீரனுக்கு மேலேயோ பக்கத்திலேயோ எழுத்து தெரிகிறதா? எண்ணெயும் மஞ்சளும் ஏறியிருந்தால் லேசில் தெரியாது. சுரண்ட வேண்டாம், பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எழுத்து இருந்தால் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் காட்டிக் கேட்கலாம், நானும் கூட வருகிறேன். மாங்காய் சீசன் முடிந்த பிறகு ஒரு நாள் சொல்லுங்கள்.