நாட்டுக்கோழிக்கு பிராய்லர் தீவனம் கொடுக்கலாமா?

கேள்வி: மேய்ச்சல் முறையில் 200 நாட்டுக்கோழிகளை வளர்க்கிறேன். 10 வாரத்தில் சராசரி எடை 700 கிராம்தான். பிராய்லர் தீவனத்துக்கு மாறினால் விரைவில் எடை ஏறும் என்கிறார் தீவன முகவர். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். இந்த வயது நாட்டுக்கோழிக்கு 700 கிராம் குறைவான எடையே அல்ல. பிராய்லர் கோழி 40 நாளுக்குள் 2 கிலோவைத் தொடுவது தீவனத்தால் மட்டுமன்று. அப்படி வளர்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அது. உங்கள் கோழி அந்த வேகத்தில் சதை வைக்காது என்பதால், மிகுதியான புரதம் எச்சத்தோடு வெளியேறிக் கொட்டகையில் அம்மோனியா நெடியாகும். மிகுதியான எரிசக்தி வயிற்றுக் கொழுப்பாகும். நாட்டுக்கோழி கேட்டு வருபவர் அந்தக் கொழுப்புக்குக் காசு கொடுக்க மாட்டார்.

புரதத்துக்குச் செலவிட வேண்டிய காலம் முதல் 8 வாரம். அப்போது ஏறத்தாழ 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். இனி 16 சதவீதம் போதும். பகலில் மேயவிட்டு, மாலையில் அடைக்கும்போது, வளரும் கோழித் தீவனத்தோடு உடைத்த மக்காச்சோளம், கம்பு, தவிடு ஆகியவற்றைச் சரிபாதியாகக் கலந்து வையுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மழையாலோ நாய், கீரித் தொல்லையாலோ கோழிகளை நாள் முழுவதும் அடைத்து வைக்க நேர்ந்தால், இந்தக் கலவை பற்றாது. கரையான், புழு, கீரை ஆகியவற்றைத் தானே தேடித் தின்னும் கோழிக்குத்தான் தானியம் ஈடுகொடுக்கும். அடைபட்ட கோழிக்குப் புரதமும் உயிர்ச்சத்தும் தாது உப்பும் தொட்டியிலிருந்தே வர வேண்டும். எனவே அடைத்திருக்கும் நாட்களில் தானியம் கலக்காமல் முழுத் தீவனமே கொடுங்கள்; பாதி நாள் அடைப்பென்றால் தானியத்தைக் கால் பங்காகக் குறையுங்கள்.

முகவர் அடுத்து, விலை குறைவென்று முட்டைக்கோழித் தீவனத்தைக் காட்டக்கூடும். அதைத் தொடாதீர்கள். முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கப்படும் 3.5 சதவீத அளவு கால்சியம் வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அசோலா என்னும் நீரில் மிதக்கும் சிறு பெரணி மட்டுமே போதும் என்று சொல்லி அதை விற்பவர்களையும் நம்பாதீர்கள். பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், ஒரு கிலோவில் புரதம் 20 கிராமைக்கூடத் தாண்டாது. எந்த மூட்டையானாலும் அதில் தைத்திருக்கும் சீட்டில் புரதம், கால்சியம் ஆகிய இரண்டு எண்களையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சீட்டில்லாத மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.