செயற்கைக்கோள் படத்தில் கடற்புல் காணாமல் போனால்

கடற்புல் செத்துவிட்டது என்று அறிக்கையில் இப்போதே எழுத வேண்டாம். யாழ்ப்பாணக் களப்பில் மண்டைதீவுப் பக்கம் மார்ச் படத்தில் கடற்புல்லாகத் தெரிந்த கருந்திட்டு டிசம்பர் படத்தில் இல்லை என்கிறீர்கள். இந்த இரண்டு படங்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.

பெரும்பாலும் இது மாரியின் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைவெள்ளம் களப்புக்குள் வண்டலைக் கொண்டுவரும், காற்றும் அடிச்சேற்றைக் கிளப்பும். தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் அடித்தளம் தெரியாது. நீங்கள் போட்ட என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) கணக்கும் இங்கே சரிவராது. அந்தக் கணக்குக்குத் தேவையான அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீரே உறிஞ்சிவிடும். நீலம், பச்சை அலைவரிசைகளைப் பாருங்கள்.

1. மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுங்கள், சில ஆண்டுகளுக்கு.

2. தண்ணீர் தெளிந்ததும் இறங்கி, மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டைத் தோண்டி நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளிறி இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது, இலை திரும்ப வரலாம். கறுத்துக் குழைந்திருந்தால் செத்தது. சேற்று நாற்றத்தை நம்பாதீர்கள். நல்ல புல்படுகையின் சேறும் அழுகிய முட்டை போல நாறும்.

ஒன்று கவனம்: ஒரு படப்புள்ளி 10 மீட்டர். பாசி மண்டிய இடமும் கடற்புல்லும் அதில் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம், பக்கத்துக் கடலட்டைப் பண்ணை மேல் உங்களுக்குச் சந்தேகம். வெறுமையான பகுதி வேலி வலையின் நேர்கோட்டை ஒட்டியே இருந்தால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. களப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் இல்லை.