நுவரெலியாவில் வெப்பநிலைப் போர்வை பின்ன முடியுமா? கூட்டுத் தையல் பற்றிய கேள்வி பதில்

ஒரே மாதிரிப் படத்தைப் பலர் அவரவர் வீட்டிலிருந்தபடியே, வாரத்துக்கு ஒரு பகுதி அல்லது மாதத்துக்கு ஒரு பகுதி என்று ஒருமித்துத் தைத்து முடிப்பதைத்தான் கூட்டுத் தையல் என்கிறோம். அதைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தையல் இயந்திரத்தைப் பற்றிக் கேட்ட மூவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வேலை கையூசியோடு முடிந்துவிடுகிறது.

ஹட்டன்: டீச்சர், நான் சேர்ந்திருக்கும் கூட்டுத் தையலில் முழுப்படத்தைக் காட்டவில்லை. அகலம் 196 கட்டம், உயரம் 140 கட்டம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு துணி வாங்குவது?

படத்தை மறைத்து வைத்துப் பகுதி பகுதியாகத் தருவது இவ்வகைத் தையலில் வழக்கம்தான். அளவைச் சொல்லிவிட்டார்கள் அல்லவா, அது போதும். கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் என்று பொருள்; ஒரு கட்டத்துக்கு ஒரு குறுக்குத் தையல். 196ஐ 14ஆல் வகுத்தால் 14 அங்குலம், 140ஐ வகுத்தால் 10 அங்குலம். சட்டம் போடுவதற்காக நான்கு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் விட்டால், 20க்கு 16 அங்குலத் துணி வேண்டும். அதே படத்தை 18 கவுண்டில் தைத்தால் அகலம் 11 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். 11 கவுண்டில் 18 அங்குலத்தை நெருங்கும். கட்டமில்லாமல், நெடுக்கும் குறுக்கும் அங்குலத்துக்கு 28 இழையாக நெய்த 28 கவுண்ட் சமநெசவுத் துணியைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் இரண்டு இழைகளுக்கு மேலாக ஒரு தையல் போடுவதால் கணக்கு 14 கவுண்டுக்குரியதாகவே வரும். முதற்பகுதி சிறியதாக இருக்கிறதே என்று சிறு துண்டு வாங்கியவர்கள் நான்காம் பகுதியில் துணியின் ஓரத்தில் வந்து நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

துணியைவிட நூல்தான் அதிகம் சோதிக்கும். ஆறு இழை நூற்கட்டு ஒன்றில் 8 மீற்றர் இருக்கும். 14 கவுண்டில் இரண்டு இழை கோத்துத் தைத்தால், வெட்டி வீணாவதையும் கணக்கில் எடுத்து, ஒரு கட்டுக்கு ஏறத்தாழ 1,500 குறுக்குத் தையல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்புலத்துக்கு வேண்டிய நிறத்தை ஒரே நாளில், ஒரே சாயத் தொகுதியில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலாக, வாங்கிவிடுங்கள். ஒருமுறை வானத்துக்குரிய நீலம் பாதியில் தீர்ந்து, கண்டிக்குப் போய் அதே இலக்கத்தில் வாங்கி வந்தேன். என் வானத்தில் இன்றைக்கும் ஒரு கோடு தெரிகிறது. டிஎம்சி நிறுவன நூல் கிடைக்காமல் ஆங்கர் நிறுவன நூலுக்கு மாறுவதென்றால் தொடங்கும் முன்பே மாறிவிடுங்கள். கறுப்பு மட்டும் தொல்லை தராது. டிஎம்சியில் 310, ஆங்கரில் 403. மற்ற நிறங்களில், எந்த இலக்கத்துக்கு எந்த இலக்கம் என்று அட்டவணை சொல்வது அண்ணளவுதான்.

இன்னொன்று. வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். நம் ஊர் மூடுபனி ஈரத்தில் ஊசி துருப்பிடிக்கும். அந்தத் துருக்கறை பருத்தியிலிருந்து எளிதில் போகாது.

தலவாக்கலை: கூட்டுத் தையல் தொடங்கி ஆறு வாரமாகிவிட்டது. இப்போது சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். முன்னைய பகுதிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட மாட்டார்கள். நடப்புப் பகுதியை எல்லோரோடும் சேர்ந்து தைத்துக்கொண்டு, விட்ட பகுதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நிரப்புவது என் வழக்கம். அப்படிச் செய்யும்போது துணியின் நடுவிலிருந்து கட்டங்களை இரண்டு முறை எண்ணி, பகுதி தொடங்கும் மூலையில் வேறு நிற நூலால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை: கொன்வென்ட் பாடசாலையில் படித்த என் மாமியும் நானும் ஒரே குரோஷே மாதிரியைத்தான் பின்னுகிறோம். என்னுடையது அவருடையதைவிட இரண்டு மடங்கு உயரமாக வருகிறது. யார் செய்வது பிழை?

இருவரிடமும் பிழை இல்லை. அமெரிக்க வழக்கில் சிங்கிள் எனப்படும் குட்டையான பின்னல் பிரித்தானிய வழக்கில் டபுள். அமெரிக்க வழக்கில் டபுள் எனப்படும் உயரமான பின்னல் பிரித்தானிய வழக்கில் டிரெபிள். உங்கள் மாமி பிரித்தானிய முறையில் கற்றிருப்பார். மாதிரியில் 'டபுள்' என்று இருந்த இடத்தில் நீங்களும் அவரும் வெவ்வேறு பின்னலைப் போட்டிருக்கிறீர்கள். மாதிரியில் எந்த இடத்திலாவது 'சிங்கிள் குரோஷே' என்று எழுதியிருந்தால் அது அமெரிக்க முறை என்று முடிவுசெய்யலாம், ஏனெனில் இன்றைய பிரித்தானிய வழக்கில் அந்தப் பெயரே இல்லை. மாமியிடம் சொல்லும்போது, மாதிரி எழுதியவர் வேறு நாட்டுக்காரர் என்று தொடங்குங்கள். வீட்டில் அமைதி நிலவும்.

மஸ்கெலியா: மூன்று மாதம் பிந்திவிட்டேன். சேரலாமா?

சேரலாம். தலவாக்கலைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நுவரெலியா: வெப்பநிலைப் போர்வைக் கூட்டுப் பின்னலில் சேர்ந்தேன். நாளுக்கு ஒரு வரி, அன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம். இரண்டு மாதம் பின்னிய பிறகும் போர்வை முழுவதும் ஒரே பச்சை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்று உங்களுக்குத் தந்த அட்டவணை, குளிர்காலத்தில் உறைந்து கோடையில் கொதிக்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டது. ஐந்து பாகைக்கு ஒரு நிறம் என்பது அவர்களுக்குப் பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 18 முதல் 23 பாகைக்குள்ளேயே நின்றுவிடுவதால், உங்களுக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வேலையிராது. ஒரு பாகைக்கு ஒரு நிறமாகப் பிரியுங்கள். ஏழு நிறம் போதும். அல்லது இரவின் குறைந்த வெப்பநிலையை எடுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் பனி உறையும் இரவுகள் உங்களுக்கு உண்டு. போர்வையில் அந்த வரிகள் தனியாகத் தெரியும்.

பதுளை: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், டீச்சர். எல்லோரும் ஒரே அட்டவணையில் பின்னினால்தானே ஊருக்கு ஊர் ஒப்பிடலாம்? அவரவர் வசதிக்கு அட்டவணையை மாற்றினால் அது எப்படிக் கூட்டுப் பின்னலாகும்?

நியாயமான வாதம்தான். ஒரே பச்சையாக இருப்பதும் நுவரெலியாவின் உண்மையே என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். ஆனால் 365 வரியை ஒரே நிறத்தில் பின்னும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

ஹட்டன் (மீண்டும்): வெப்பத்தை விட்டுவிட்டு மழையைப் பின்னினால் என்ன?

இதற்காகவே உங்களுக்கு ஒரு நூற்கட்டு அனுப்ப வேண்டும்! நம் மலைகளை வேறுபடுத்துவது வெப்பத்தைவிட மழைதான். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும்போது, மலைக்கு மறுபுறத்தில் பதுளை காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பதுளைக்கு நல்ல மழை. இருவரும் ஒரே அட்டவணையில் பின்னினால், ஒருவர் போர்வையில் இருண்டிருக்கும் இடம் மற்றவர் போர்வையில் வெளுத்திருக்கும். பதுளைச் சகோதரி கேட்ட ஒப்பீடும் கிடைத்துவிடும். மழையில்லாத நாளுக்கு ஒரு நிறம், 10 மில்லிமீற்றர் வரை ஒன்று, 25 வரை ஒன்று, 50 வரை ஒன்று, 100 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என ஆறு நிறம் வைக்கலாம். அளவுகளை வளிமண்டலவியல் திணைக்களம் அன்றாடம் வெளியிடுகிறது.

நீளத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். பிரித்தானிய டபுளில் வரிக்குக் கால் அங்குலம் என்றாலே 365 வரிக்கு ஏழரை அடி வந்துவிடும். டிரெபிளில் வரிக்கு அரை அங்குலம் வைத்தால் 15 அடி. போர்வை லயத்துக் கதவைத் தாண்டி வாசலுக்குப் போய்விடும்.

கொட்டகலை: ஐடா துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழுப்பாக்கலாமா?

ஆக்கலாம், தைப்பதற்கு முன்பு ஆக்குங்கள். சுடுநீரில் துணி சுருங்கிக் கட்டங்கள் சிறியதாகும் என்பதால் ஓரத்துக்குக் கூடுதலாக விட்டு வாங்கி, சாயத்தில் முக்கிக் காய்ந்த பிறகே அளவெடுங்கள். தேயிலையின் துவர்ப்பில் அமிலத்தன்மை உண்டு. அது பருத்தியை நாளடைவில் நலிவடையச் செய்யும். பேரப்பிள்ளைக்கென்று வைக்கும் தையலுக்கு, பழுப்பாகவே விற்கும் துணியை வாங்குவது மேல். தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

வெலிமடை: கழுவியபோது சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது.

காயவிடாதீர்கள், அயர்ன் பண்ணாதீர்கள். குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். துணி காய்ந்துவிட்டால் அந்தக் கறை தங்கிவிடும்.

அப்புத்தளை: ஐந்து மாதம் பிந்திவிட்டது. சேரலாமா?

சேரலாம், சேரலாம். இக்கேள்வியை எழுதும் நேரத்தில் இரண்டு வரி தைத்திருக்கலாம்.

நானுஓயா: விலை கொடுத்து வாங்கிய மாதிரியை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடலாமா? மற்றவர்கள் பாவம்.

கூடாது. வரைந்தவரும் பாவம்தான். இலவசமாகத் தரப்படும் மாதிரிகள் நிறைய உண்டு. குழுவுக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மாத்தளை: துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் வளையத்தில் மாட்டியபடியே அதை ஒரு மாதம் வைத்துவிட்டேன். வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது.

கழுவி, ஈரமாக இருக்கும்போது பின்பக்கமாக, அடியில் துவாய் விரித்து அயர்ன் பண்ணுங்கள். வளையத்தை ஒவ்வோர் இரவும் கழற்ற வேண்டும்; அதன் திருகாணியும் துருப்பிடிக்கும். ஊசியைப் பற்றி மேலே சொன்னேன்.

பதுளை (மீண்டும்): மழைப் போர்வையை ஜூலை முதலாம் திகதி தொடங்கினேன். பன்னிரண்டு நாளாக ஒரே நிறம்.

பதுளையில் ஜூலையில் தொடங்கிவிட்டு என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ஒக்டோபர் வரும் வரை பின்னிக்கொண்டிருங்கள். குரோஷே ஊசி அலுமினியம் என்றால் அதை மட்டும் பின்னலிலேயே விட்டு வைக்கலாம், துருப்பிடிக்காது.