உகாண்டாவுக்குச் சேவைக்குப் போக அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நானும் இரண்டு தோழிகளும் லீவில் நான்கு வாரம் உகாண்டா போய், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டு செய்ய ஆசைப்படுகிறோம். ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஆளுக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறது. விமான டிக்கெட் தனி, சுமார் 60,000. என்னிடம் 22,000 ரூபாய் இருக்கிறது. சிங்கப்பூர் மாமா 40,000 தருகிறேன் என்கிறார். அம்மா தன் ஐந்து பவுன் நகையை அடகு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்விக் கடன் 4 லட்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. நகைக் கடன் நல்லதா, அப்பா பேரில் பர்சனல் லோன் நல்லதா? இணையத்தில் நிதி திரட்டினால் வரி வருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். மாமா தரும் பணத்துக்கு வரி இல்லை. அப்பா, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் வருமான வரிச் சட்டப்படி உறவினர்கள். அவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் அன்பளிப்புதான். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். உங்களுக்கு வேறு வருமானம் இல்லாததால், திரட்டுவது ஒன்றிரண்டு லட்சம் என்றால் கட்ட வேண்டிய வரி வராது. ஆனால் பணம் கொடுப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மார்ச் மாதம் ரசீது கேட்டுப் போன் வரும்.

சரி, கடனுக்கு வருவோம். விசா, தடுப்பூசி, மலேரியா மாத்திரை, இன்சூரன்ஸ், கைச்செலவு எல்லாவற்றுக்கும் 40,000 போட்டால் மொத்தம் 2,40,000. உங்களிடம் இருப்பதும் மாமா தருவதும் போக 1,78,000 துண்டு விழுகிறது. நகைக் கடன் 10 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 17,800. வட்டி மட்டும்தான் அது. அசல் அப்படியே நிற்கும், அடுத்த வருடம் மறு அடகு. பர்சனல் லோன் 14 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 6,080. முடிவில் கட்டியிருக்கும் வட்டி 41,000. இரண்டில் எது தேவலை என்று மட்டும் கேட்டால் நகைக் கடன்தான் என்பேன்.

ஆனால் படிப்பு முடிந்து நீங்கள் வேலைக்குச் சேரும் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் 18,000 சம்பளம் என்று வைப்போம். 4 லட்சம் கல்விக் கடனுக்கு, 10 சதவீதம், பத்து வருடம் என்றால், தவணை 5,300 அளவில் வரும். ஹாஸ்டல், சாப்பாடு 6,000. இந்தப் பயணத்துக்குப் பர்சனல் லோன் வாங்கியிருந்தால் அதன் தவணையையும் கழித்தால் கையில் 600 ரூபாய்ச் சொச்சம் நிற்கும். அதுவரை உள்ள தவணைகளை அப்பா தன் சம்பளத்தில் கட்டியிருப்பார்.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன். தங்குமிடம், சாப்பாடு 42,000. வார இறுதிச் சுற்றுலா 28,000. ஜிஞ்ஜாவில் நைல் நதிப் படகும் மர்ச்சிசன் அருவி சஃபாரியும் அதில் அடக்கம். விமான நிலைய வரவேற்பு 9,000. "நிர்வாகக் கட்டணம்" 52,000. கடைசி வரியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், "மருத்துவமனைக்குப் பங்களிப்பு" 9,000. நூறு ரூபாய் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஆறரை ரூபாய்கூடப் போகவில்லை. டிக்கெட்டையும் மற்றதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு ரூபாய்கூட இல்லை. இதைச் சுற்றுலா என்றே விற்றிருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

உகாண்டாவில் நர்சுகளுக்குப் பஞ்சம் என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறார்கள். அது பாதி உண்மை. அரசு ஆஸ்பத்திரிகளில் இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஆனால் படித்து முடித்து, பதிவும் செய்துவிட்டு, வேலைக்காகக் காத்திருக்கும் நர்சுகள் அங்கேயே இருக்கிறார்கள். சம்பளம் ஒதுக்கத்தான் பணம் இல்லை. நீங்கள் நான்கு வாரத்தில் செய்யப்போவதை அவர்களால் நோயாளியின் மொழியிலேயே செய்ய முடியும்.

பட்டியலில் என்னை நிறுத்தி வைத்த இன்னொரு வரி: "நேரடியாகப் பிரசவம் பார்க்க வாய்ப்பு." இங்கே லேபர் வார்டில் மேடம் பக்கத்தில் நிற்காமல் உங்களைக் கேஸ் எடுக்க விடுவார்களா? அங்கேயும் நர்சிங் வேலையை முறைப்படுத்த நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவி வார்டில் கைவைக்க அதன் அனுமதி வேண்டும். "டூரிஸ்ட் விசா போதும்" என்று உங்களிடம் சொன்னார்களாம். சம்பளம் வாங்காவிட்டாலும் டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது, அதற்குத் தனி பாஸ் இருக்கிறது. ஏதாவது தவறாகிவிட்டால் எந்த இன்சூரன்ஸும் உங்கள் பின்னால் நிற்காது.

இன்சூரன்ஸ் என்றதும் ஊசி குத்து, அதாவது நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நர்சின் கையில் குத்துவது, ஞாபகம் வருகிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மருந்துக்கும், அவசரமாக ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. சாதாரணப் பயண பாலிசி, வார்டில் வேலை செய்யும்போது நேர்வதற்குப் பொருந்துமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பயணம் ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரியில் உகாண்டா எபோலா அறிவித்தபோது முதலில் இறந்தவர் கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆண் நர்ஸ். அந்த மாதிரி நேரத்தில் எந்தக் கல்லூரியும் உங்களை அனுப்பாது. உங்கள் ஒப்பந்தத்திலோ "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் தட்டிக்கழித்தால் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம், இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மாணவியாகவே போவது. ஏஜென்ட் வேண்டாம். உங்கள் கல்லூரி முதல்வர் வழியாக ஆஸ்பத்திரிக்கு நேராக எழுதுங்கள். கம்பாலாவில் ன்சம்பியா, மெங்கோ, வடக்கே குலுவில் லாக்கோர் என்று பழைய மிஷன் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. லாக்கோர் 1959-இல் தொடங்கியது. 2000-இல் அங்கே எபோலா வந்தபோது அதை முன்னின்று சமாளித்த டாக்டர் மேத்யூ லுக்விய்யாவும் பல நர்சுகளும் அதிலேயே இறந்தார்கள். வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எது? இடம் உண்டா, மாணவியிடம் என்ன கட்டணம், தங்க என்ன செலவு என்று கேளுங்கள். அந்தத் தொகை 52,000 ரூபாய் நிர்வாகக் கட்டணம் இல்லாமல் வரும், ஆஸ்பத்திரிக்கே போகும். வரிக் கணக்கிலும் ஒரு லாபம்: டூர் பேக்கேஜ் என்று பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். வங்கி மூலம் நீங்களே அனுப்பினால், 2025 ஏப்ரலிலிருந்து, நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. படிப்பை முடித்து, தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு மூன்று வருடம் ஐசியுவிலோ லேபர் வார்டிலோ வேலை பாருங்கள். அப்புறம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கோ ஐ.நா. தொண்டர் திட்டத்துக்கோ விண்ணப்பிக்கலாம். அவர்கள் உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். டிக்கெட், இன்சூரன்ஸ், மாதச் செலவுக்குப் பணம் எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். அந்த இடைவெளியில் மாதம் 4,000 ரூபாய் ஆர்டி (மாதாமாதம் வங்கியில் கட்டும் சேமிப்பு) போட்டால், ஆறரை சதவீத வட்டியில், இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் சேரும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் கல்விக் கடன் தவணை தவறாமல் போக அது போதும்.

எந்த வழியில் போனாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விட மாட்டார்கள், திரும்பும்போது இந்தியாவிலும் அட்டையைக் கேட்பார்கள். போட்டு பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பதால் இந்தச் செலவு மட்டும் எப்போது செய்தாலும் வீணாகாது; சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டாலர் வாங்கும்போது புதிய 100 டாலர் நோட்டாகக் கேளுங்கள். கம்பாலாவில் பழைய நோட்டையும் சில்லறை நோட்டையும் குறைந்த விலைக்குத்தான் எடுப்பார்கள்.

முன்பணம் 15,000 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள் என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். தோழிகளிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். கல்லூரிக் கடிதத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். டிக்கெட் பற்றி அப்போது பேசுவோம்.