ஊரே இல்லாத மலை: வாசகர் கேள்வி – பதில்

கே: கனடாவின் கியூபெக் மாகாண வரைபடத்தில் 'லாக் ஜாக் கார்த்தியே' என்று பெரிய மலைப்பரப்பு ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமையாத பகுதி, நிரந்தரக் குடிகள் இல்லை என்கிறார்கள். அப்படியானால் யார் பொறுப்பு?

ப: நகராட்சி செய்ய வேண்டிய வேலைகளை அதற்கு மேலுள்ள வட்டார அமைப்பு செய்கிறது, இங்கே அது லா கோத் த போப்ரே. சொந்தம் என்பது வேறு விஷயம். பெரும்பகுதி அரசு நிலம், லோரன்டிட் வனவிலங்குக் காப்பகத்தைச் சேர்ந்தது. தெற்கே ஒரு பெரும் துண்டு கியூபெக் செமினரி என்ற கத்தோலிக்கக் குருமார் அமைப்பின் தனியார் நிலம். காப்பகத்தில் வாங்கிய அனுமதியோடு அதற்குள் நுழைய முடியாது. குடிகள் இல்லை என்றால் ஆள் நடமாட்டமே இல்லை என்று பொருளல்ல. மீன்பிடிக் குடில்களுக்கு வந்துபோகிறவர்களையும் மரம் வெட்டுகிறவர்களையும் மக்கள்தொகைக் கணக்கு அங்கே எண்ணுவதில்லை.

கே: கியூபெக் நகரத்துக்குப் பக்கம்தானே, ஏன் குடியேறவில்லை?

ப: முதல் காரணம் உயரம். நகரம் ஆற்றோரம், இங்கே உச்சியான மோன் ரவுல் பிளான்ஷார் 1,150 மீட்டரைத் தாண்டுகிறது. ஈரக்காற்று இந்த மலைமேட்டில் ஏறிக் குளிர்ந்து கொட்டிவிடும். இதே மலைமேட்டில் லவால் பல்கலைக்கழகத்துக்குள்ள மோன்மோரன்சி ஆய்வுக்காட்டில் ஆண்டுப் பனிப்பொழிவு சுமார் 6 மீட்டர்! உறைபனி இல்லாத நாட்கள் குறைவு. பனியாறுகள் சுரண்டிப் போட்ட கல்லும் மணலும்தான் மண். அதுவும் அமிலத்தன்மை கொண்டது. ஏர் எங்கே இறங்கும்? போதாததற்கு 1895-இல் காட்டையும் விலங்குகளையும் காக்க லோரன்டிட் பூங்காவை அறிவித்தார்கள்.

கே: 1:50,000 அளவு வரைபடத் தாளோடு அங்கே நடப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

ப: பெரும்பாலும் திசைகாட்டியில். அந்த வட்டாரத்தில் முள் மெய் வடக்கிலிருந்து ஏறக்குறைய 16 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும். தாளில் அளந்த கோணத்தோடு 16-ஐக் கூட்ட வேண்டும்: நேர்கிழக்கு 90 என்றால் கருவியில் 106. கூட்ட மறந்தால் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 280 மீட்டர் விலகிப் போவீர்கள். கூட்டுவதற்குப் பதில் கழித்தால் பிழை 32 பாகை, விலகல் அரை கிலோமீட்டருக்கு மேல். முள்ளின் சாய்வு ஆண்டுதோறும் சிறிது மாறும். பழைய தாளில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

அடுத்தது சமஉயரக் கோடு, அதாவது தாளில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்றால், நடுவில் நிற்கும் 15 மீட்டர்ச் செங்குத்துப் பாறை தாளில் தெரியாமலே போகலாம். பனியாறு குடைந்த பள்ளத்தாக்குகளில் மேலே கோடு அரிது, விளிம்பில் நெருக்கம், அடியில் மறுபடி வெறுமை. அந்த நெருக்கத்தை நேராக வெட்டி இறங்க நினைக்கக் கூடாது. ஓடை இறங்கும் வழியைத் தேடுங்கள். மரம் வெட்டும் பாதைகளையும் நம்ப வேண்டாம். மதகுக் குழாய் அரித்துப் போயிருக்கும், இல்லையேல் நீர்நாய் போல் நீந்தும் பீவர் அணை கட்டிப் பாதையைக் குளமாக்கியிருக்கும்.

கே: வண்டியில் குறுக்கே கடக்கலாமா?

ப: 175-ஆம் நெடுஞ்சாலை கடக்கிறது. லாக் ஜாக் கார்த்தியே ஏரிக்கரையில் 'லேதாப்' என்ற ஒரே பெரிய நிறுத்தம். டாங்கை நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக் பதிவு வண்டிகளுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வசந்தத்தில் வேறு ஆபத்து: பனி உருகத் தூவிய உப்பு சாலையோரக் குட்டைகளில் தேங்கும், அதைக் குடிக்க மூஸ் மான்கள் அந்தியில் வரும். வண்டி மோதினால் நீண்ட கால்கள்தான் முதலில் மடங்கும், பல நூறு கிலோ உடல் முன்கண்ணாடிமீது விழும். வேலி இல்லாத இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.